புங்கந்திடலிலிருந்து போன் வரவில்லை

நடுவக்கரை மின்சார ஆபீஸ் போன் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை. காற்றடித்தால் அலறும், தூறல் விழுந்தால் அலறும், இரண்டும் இல்லாத நாளில் 'இன்னிக்கு எப்ப நிறுத்துவீங்க, மாவு அரைக்கணும்' என்று முன்கூட்டியே விசாரிக்க யாராவது கூப்பிடுவார்கள். வலங்கைமானிலிருந்து வாய்க்கால் ஓரமாகக் கிழக்கே போகிற சாலையில், பழைய உரக்கிடங்கை ஒட்டி இருக்கிறது அந்த ஆபீஸ். அங்கே உதவிப் பொறியாளராகச் சுடர்விழி வந்து சேர்ந்தது தை மாதத்தில். ஆடி பிறந்தபோதுதான் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. எல்லா ஊரிலிருந்தும் போன் வருகிறது, புங்கந்திடலிலிருந்து மட்டும் வரவில்லை.

புங்கந்திடல் அவள் பிறந்த ஊர். பண்ணையில் நாற்றுப் பறித்தும் களை எடுத்தும் கஞ்சி குடித்த சனத்தின் ஊர். இன்று பாதிப் பேர் சொந்தத்திலோ குத்தகையிலோ நாலைந்து மா நிலம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். ஊருக்கு முதல் ஆபீசர் சுடர்விழி. அவள் வேலையில் சேர்ந்த அன்று ஊர் முகப்பில் தட்டி கட்டினார்கள். தட்டியில் அவள் முகம் கொஞ்சம் கறுத்து, கன்னம் கொஞ்சம் உப்பி, யாரோ சினிமாக்காரி மாதிரி விழுந்திருந்தது. ஊர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆபீசில் கணக்கும் போனும் பார்ப்பவர் கமருன்னிஸா. கூத்தாநல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவர். அவரிடம் கேட்டாள்.

"கமருக்கா, புங்கந்திடல்லேருந்து கடைசியா எப்ப கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு?"

"நீங்க வந்த புதுசுல ஒண்ணு வந்துச்சு மேடம். அப்புறம் இல்ல. நல்ல ஊரு."

"நல்ல ஊரு வல்ல ஊரெல்லாம் இல்லக்கா. நான் பள்ளிக்கூடம் போகையிலயே அந்த டிரான்ஸ்பார்மர்ல காத்தடிச்சா பியூஸ் போயிடும். அதே டிரான்ஸ்பார்மர்தான் இன்னும் நிக்கிது."

"அப்ப உங்களப் பாத்துத் திருந்திருச்சு போல" என்று சொல்லிவிட்டுக் கமருன்னிஸா டிபன் டப்பாவைத் திறந்தார்.

சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் சுடர்விழிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். ரேடியோ ஏன் பாடுகிறது என்று பார்க்க அதைக் கழற்றிப் போட்டு அடி வாங்கியவள். ஒரு பொருள் கெட்டுப்போனால்கூட விட்டுவிடுவாள், காரணமில்லாமல் நன்றாக இருந்தால் அவளுக்குத் தாங்காது.

அந்த வாரமே கோட்ட அலுவலகத்திலிருந்து செயற்பொறியாளர் குஞ்சிதபாதம் கூப்பிட்டார். குரலில் வெல்லம்.

"சுடர்விழி, உங்க பிரிவுல போன வருஷத்துக்குப் புகார் குறைஞ்சிருக்கேம்மா, புங்கந்திடல்ல சுத்தமா நின்னேபோச்சு. நல்ல பிளானிங். இருக்கிற ரெண்டு லைன்மேனையும் ஆளுக்குப் பாதி ஊருன்னு பிரிச்சு விட்டீங்க பாருங்க, அத நான் மீட்டிங்லயே சொன்னேன்."

"நன்றிங்க சார்."

"அதான் கேக்குறேன். சீர்காழிப் பக்கம் ஆள் இல்லாம அல்லாடுறாங்க. உங்களுக்குத்தான் வேலை கம்மியா இருக்கே. குழந்தைராஜை இந்த மாசக் கடைசியில அனுப்பி வைங்க."

கம்பம் ஏறுகிற ஆட்கள் ஒன்பது பேர் இருக்க வேண்டிய பிரிவு அது. ஓய்வு பெற்றவர்கள் போக, இறந்தவர் போக, மாற்றலாகிப் போனவர்கள் போக, மிச்சம் குழந்தைராஜும் மீரா உசேனும்தான். விதிப்படி ஒருவர் கம்பத்தில் ஏறினால் இன்னொருவர் கீழே சுவிட்சுக்குக் காவல் நிற்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்தே போனால் பாதி ஊர்கள் இருட்டில் கிடக்கும். ஆகவே சுடர்விழி அவர்களைப் பிரித்தாள். பாராட்டும் வாங்கினாள். இப்போது பாராட்டு, இருக்கிற இரண்டு பேரில் ஒருவரைப் பிடுங்க வந்து நிற்கிறது. "பாக்குறேன் சார்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

சுவிட்ச் என்பது இதுதான். பெரிய லைனிலிருந்து ஒரு ஊருக்குக் கம்பி பிரிகிற இடத்தில் கம்பத்து உச்சியில் இருக்கும். அதன் இரும்புக் கைப்பிடி கீழே ஆள் உயரத்தில் நிற்கும். கைப்பிடியை இறக்கினால் அந்த ஊர்க் கம்பி சாகும், ஏற்றினால் உயிர் வரும். கைப்பிடிக்குப் பூட்டுப் போட வேண்டும். பழைய பூட்டுகள் துருப்பிடித்துப் போயின, புதிய பூட்டு வந்தபாடில்லை. குழந்தைராஜ் தனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். கைப்பிடியை இறக்கியதும் தன் காக்கிச் சட்டையைக் கழற்றி அதில் கட்டித் தொங்கவிட்டு, பனியனோடு போய்க் கம்பம் ஏறுவார். சட்டை தொங்கினால் மேலே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம். சுற்று வட்டாரத்தில் ஆடு மேய்க்கிறவனுக்கும் அது தெரியும். சுடர்விழியும் அதைப் பார்த்திருக்கிறாள். 'என்னண்ணே, காத்து வாங்க விட்டிருக்கீங்களா' என்று கேலி செய்திருக்கிறாள். பூட்டு வாங்கிக் கொடுத்தாளில்லை.

ஆடிக்காற்று உக்கிரமாக அடித்த ஒரு முற்பகலில் குழந்தைராஜ் ஆபீசுக்குள் பனியனோடு வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கமருன்னிஸா கொடுத்த தண்ணீர்ச் செம்பை வாங்கினார், குடிக்கவில்லை.

"என்னண்ணே?"

"புங்கந்திடல் லைன்ல மூங்கிக் குத்துக்குப் பின்னால, கம்பி தாங்குற பீங்கான் ஒண்ணு வெடிச்சிருந்துச்சு மேடம். சுவிட்சை இறக்கிட்டுத்தான் ஏறுனேன். எர்த் கம்பிய மாட்டிட்டு இப்புடித் திரும்புறேன், மாட்டுன எடத்துல தீ பறக்குது. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

எர்த் கம்பி என்றால், வேலை பார்க்கிற கம்பியைத் தரையோடு சேர்த்துக் கட்டுவது. யாராவது தெரியாமல் கரண்டு விட்டால் அது ஆள் மேல் பாயாமல் தரைக்குப் போய்விடும். பலர் சோம்பல்பட்டு மாட்ட மாட்டார்கள். குழந்தைராஜ் மாட்டுவார். மாட்டியதால்தான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு அங்கே நிற்க முடிந்தது. துணைமின் நிலையத்தில் லைன் தானாகத் துண்டிக்கப்பட்டு நின்றுவிட்டது.

"யாரு போட்டது?"

"எறங்கி வந்து பாக்குறேன், கைப்பிடி மேல ஏறியிருக்கு. ஆளு யாரையும் காணும். என் சட்டையையும் காணும்."

"யாராருந்தாலும் விடக்கூடாதுண்ணே."

குழந்தைராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "யாருன்னு தெரியிற வரைக்கும் நான் அந்த ஊரு கம்பத்துல ஏறமாட்டேன் மேடம். எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. வேற யாரையும் அனுப்பாதீங்க. நீங்களே போய்க் கேளுங்க. உங்க ஊரு, உங்ககிட்டதான் சொல்லுவாங்க."

புங்கந்திடலில் அப்போது சம்பா நாற்றங்கால் விட்டிருந்தார்கள். ஆற்றில் முறை வைத்து விட்ட தண்ணீர் கடைமடைக்கு இன்னும் எட்டவில்லை. போர் மோட்டார்தான் நாற்றுக்கு உயிர். பீங்கானை மாற்றிக் கரண்டு விடாவிட்டால் நாற்று நாலு நாளில் கருகிவிடும். சுடர்விழி வண்டியை எடுத்தாள். கோபத்தில் பாதி, ஆவலில் பாதி. உண்மையைச் சொன்னால் ஆவல்தான் கூட.

ஊருக்குள் வரவேற்பு பலமாக இருந்தது. டீக்கடையில் பெஞ்சைத் துடைத்தார்கள், பன் ரொட்டி வந்தது. சுவிட்சை யார் போட்டது என்று கேட்டதும் கடையிலிருந்தவர்களுக்கு ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

"அது தானா போட்டுக்கிட்டிருக்கும்மா, காத்து அப்புடி அடிச்சிச்சு" என்றார் ஒருவர்.

"காத்து எப்படிங்க இரும்புக் கைப்பிடிய மேல தூக்கும்?"

"ஆடிக்காத்து என்னதான் செய்யாது."

"சரி, பியூஸ் போனா இங்க யாரு போடுறா?"

"பியூசா? நம்ம ஊர்ல பியூஸே போறதில்லையே. நீ வந்ததுலேருந்து கரண்டு கல்லு மாதிரி நிக்கிது."

களத்தில் கேட்டாள், சொசைட்டி வாசலில் கேட்டாள். எல்லாரும் அவள் உடம்பு இளைத்துவிட்டது என்பதில் ஒரே குரலாக இருந்தார்கள். மற்றதில் ஊமைகள். இவ்வளவு பிரியமாக இவ்வளவு பேர் தன்னிடம் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. இவர்கள் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அம்மா அம்சவல்லி கெளுத்தி மீனில் குழம்பு வைத்திருந்தாள். மகள் வருகிற நாளில் வாய் ஓயாமல் பேசுகிறவள், அன்றைக்குக் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். கிண்டினால் மீன் உடையும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல.

சுடர்விழி கொல்லைப்பக்கம் போய்க் கால் கழுவினாள். துடைக்கத் துண்டு தேடிக் கொடியில் கிடந்த புடவையை விலக்கினாள். உள்ளே, புடவைக்கும் புடவைக்கும் நடுவில், ஒரு காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. பையோரத்தில் தார்க் கறை. தினம் ஆபீசில் பார்க்கிற கறை.

சட்டையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். அம்சவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏம்மா, இது எங்க கெடைச்சிச்சு?"

"நாத்தங்கால்ல கள பறிச்சிட்டு வாரேன், மோட்டாரு வாய்க்காச் சேத்துல கெடந்துச்சு பாப்பா. காத்து பிச்சிக்கிட்டு வந்து போட்டிருக்கு. பாத்தா நம்ம கொழந்தராசு சட்டை. பாவம், மறந்துட்டுப் போயிட்டான் போல, சேறும் சகதியுமா கெடக்கே, அலசிக் குடுப்போம்னு எடுத்தாந்துட்டேன்." அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "சோப்புப் போட்டுக்கிட்டு இருக்கேன், டமார்னு சத்தம் கேட்டுச்சு. அப்பதான் எனக்கு உறைச்சிச்சு, இது எங்க தொங்குற சட்டைன்னு."

"சரி. சுவிட்சை யாரு போட்டா?"

அம்மா மறுபடி கரண்டியை எடுத்தாள். வாசலில் அப்பா மண்வெட்டியைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நான்தான் போட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கண்ணுசாமி உள்ளே வந்தார். சட்டையில்லாத தோளில் துண்டைப் போர்த்தியிருந்தார். துண்டை எடுத்தார். தோளில் பொறி தெறித்த புள்ளிகள் சிவந்து கிடந்தன. "மோட்டாரு நின்னுபோச்சு. வந்து பாத்தேன், சுவிட்சு எறங்கிக் கெடக்கு. சட்டையும் இல்ல, கொழந்தராசு சைக்கிளும் இல்ல. யாரோ பய வெளையாடியிருக்கான்னு ஏத்துனேன். தலைக்கு மேல தீயா கொட்டுச்சு."

"பியூஸ் போடுறதும் நீங்கதானா?"

"ஆமா."

"எத்தன நாளா?"

"நீ வந்ததுலேருந்து. பண்ணை மோட்டாரு கொட்டாயில காவ இருந்தவன்தான நானு, எனக்குத் தெரியாதா? ஊருல கூடிப் பேசுனோம். நம்ம புள்ள ஆபீசரா வந்திருக்கு. நாமளே போன் மேல போன் போட்டா மேல உள்ளவன் என்ன நெனப்பான்? அவ ஊரே அவ மேல கொற சொல்லுதுன்னுல்ல எழுதுவான். அதனால ஒருத்தரும் புகார் குடுக்கக்கூடாது, பியூசு போனா கண்ணுசாமி பாத்துக்குவான்னு முடிவு பண்ணுனோம்."

சுடர்விழிக்கு அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க புகார் குடுக்கலேன்னதும் இந்த ஊர்ல கொறையே இல்லேன்னு ஆயிப்போச்சு. கொறையில்லாத எடத்துக்கு ஆள் எதுக்குன்னு குழந்தைராஜண்ணன சீர்காழிக்குக் கேக்குறாங்க."

கண்ணுசாமி இதை எதிர்பார்க்கவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் குழம்பைப் பார்த்தாள்.

"நமக்கு யாருகிட்ட பாப்பா கொற சொல்லிப் பழக்கம்?" என்றார் மெதுவாக. "எங்கப்பன் கூலி கொறயுதுன்னு ஒரு தடவ சொன்னாரு. மறுநாள் வேல இல்ல. வாயத் தொறக்காம இருந்தாத்தான் பொழப்புன்னு இருந்த சனம். இப்பதான் போன்ல நம்பரத் தட்டிச் சொல்லுன்னாங்க. அந்தப் பக்கம் எடுக்குறது நம்ம புள்ளையா இருக்கு. எப்புடிச் சொல்லச் சொல்ற?"

அம்சவல்லி சோற்றைப் போட்டு உடைந்த மீனை ஒதுக்கிக் குழம்பை ஊற்றினாள். பிறகு கண்ணுசாமி கேட்டார்.

"மேல ஒருத்தன் ஏறுனா கீழ சுவிட்சுகிட்ட ஆள் நிக்கணும்னு சட்டம் இருக்குல்ல?"

"இருக்குப்பா."

"ஏன் நிக்கல?"

"ஆள் இல்லப்பா. ரெண்டே பேருதான். பிரிச்சு அனுப்புறேன்."

"ஆள் இல்ல, இப்புடி அனுப்புறது ஆபத்துன்னு நீ மேல சொன்னியா?"

சுடர்விழியின் கை சோற்றில் நின்றது. சொல்லவில்லை. வந்த புதிதிலேயே முடியவில்லை என்று சொன்னால், இந்தப் பெண்ணுக்குச் சாமர்த்தியம் போதாது என்பார்கள் என்று பயந்தாள். அவளுக்கும் நல்ல பேர் வேண்டியிருந்தது.

"சொல்லலப்பா."

"ம்" என்றார் கண்ணுசாமி. அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலையில் சட்டையை மடித்துக் குழந்தைராஜிடம் கொடுத்தாள். அவர் அதை மோந்து பார்த்தார். "சோப்பு வாசம் வருது" என்றார்.

"அம்மா அலசினாங்க. சேத்துல கெடந்துச்சாம். சுவிட்சைப் போட்டது எங்கப்பா."

குழந்தைராஜ் சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானை ஒவ்வொன்றாக மாட்டினார்.

"இருக்குமோன்னு பயந்தேன் மேடம். அதான் உங்களையே போகச் சொன்னேன். நான் எந்த வாயால சொல்றது? அவரு பியூஸ் போடுறது எனக்குத் தெரியும். வேணாம் பெரியப்பான்னு ஒரு தடவ சொன்னேன். அப்புறம் சொல்லல. ஒரு ஊரு அலைச்சல் மிச்சம்னு எனக்கும் சொகமா இருந்துச்சு."

"இப்ப ஏறுவீங்களாண்ணே? நாத்து காயுது."

"மீரா உசேன் கூட வந்தா ஏறுவேன். இனிமே ஒத்தையா ஏறமாட்டேன். நீங்க கோவிச்சுக்கிட்டாலும் சரி."

"கோவமில்லண்ணே. ரெண்டு பேரும் சேந்தே போங்க. மத்த ஊர்லேருந்து திட்டுனா நான் வாங்கிக்கிறேன்."

அவர்கள் இருவரும் ஒரே வண்டியில் கிளம்பினார்கள். வழியில் பூட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் குஞ்சிதபாதம் கூப்பிட்டார். நேற்றே அவருக்கு விவரம் சொல்லியிருந்தாள், அப்பா பேர் உட்பட.

"நான் நல்லதுக்குச் சொல்றேன் சுடர்விழி. ரிப்போர்ட்ல அடையாளம் தெரியாத நபர்னு எழுதுங்க. அப்பா பேரை எழுதினா போலீஸ் கேஸாகும். ஆளைத் தனியா ஏன் அனுப்பினீங்கன்னு உங்களுக்கும் மெமோ வரும். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. எதுக்கு வம்பு?"

"யோசிக்கிறேன் சார்."

"யோசிக்க என்ன இருக்கு? குழந்தைராஜையும் சீக்கிரம் அனுப்பி வைங்க."

அவள் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் சொன்னபடி எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துபோகும். அப்பா தப்பிப்பார், அவள் தப்பிப்பாள். குழந்தைராஜ் சீர்காழிக்குப் போவார். மீரா உசேன் ஒற்றை ஆளாக எல்லா ஊர்க் கம்பத்திலும் ஏறுவார். அவருக்கு எர்த் கம்பி மாட்டுகிற பழக்கம் அவ்வளவாகக் கிடையாது. பேனாவை மூடினாள், திறந்தாள்.

லைனைச் சரிசெய்து கரண்டு விட்டாயிற்று என்று குழந்தைராஜ் சொன்ன கையோடு, பத்து மணி வாக்கில் போன் அலற ஆரம்பித்தது. கமருன்னிஸா எடுத்தார், எழுதினார், வைத்தார், மறுபடி எடுத்தார். நாலைந்து போனுக்குப் பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சுடர்விழி பக்கம் திரும்பினார்.

"என்ன மேடம் இது? எல்லாம் புங்கந்திடல். ஒருத்தவங்க வீட்டுல பல்பு மங்கலா எரியுதாம். ஒருத்தவங்களுக்குக் கம்பி தாழ்வா தொங்குதாம், வைக்கோல் வண்டி போக முடியலையாம். இன்னொரு அம்மா, அவங்க ஃபேன்ல சத்தம் வருதுங்குறாங்க. ஃபேனுக்கு நாம என்ன செய்யறது?"

"எழுதுங்கக்கா. ஃபேனை மட்டும் விட்டுட்டு எல்லாத்தையும் எழுதுங்க."

பதினொன்றரைக்குக் கமருன்னிஸா டீ வாங்க எழுந்தபோது போன் மறுபடி அடித்தது. சுடர்விழி எடுத்தாள்.

"கரண்டாபீசுங்களா?"

அப்பாவின் குரல். அவளிடம் அவர் 'ங்க' போட்டுப் பேசியதே கிடையாது.

"ஆமாங்க. சொல்லுங்க."

"புங்கந்திடல் கண்ணுசாமி பேசுறேங்க. ஒரு புகார் குடுக்கணும்."

"என்ன புகாருங்க?"

"நேத்து எங்க ஊரு லைன்ல ஒத்த ஆளக் கம்பத்துல ஏத்தி விட்டிருக்காங்க. சுவிட்சுகிட்ட காவலுக்கு ஆளும் இல்ல, பூட்டும் இல்ல. மேல ஆள் இருக்குறது தெரியாம நான் சுவிட்சைப் போட்டுட்டேன். அது என் தப்பு. என் பேரைப் போட்டு அதையும் எழுதிக்கிடுங்க. போலீசு வந்தா நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா காவலுக்கு ஆள் போடாதது என் தப்பு இல்ல. ரெண்டு ஆள் இல்லாம இனிமே எங்க ஊருல ஒருத்தரையும் ஏத்தக்கூடாது. அதான் புகார்."

அவள் தாளை இழுத்து எழுதினாள். அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னதால் ஒரு வார்த்தையும் விட்டுப்போகவில்லை.

"புகார் யார் மேலங்க?"

"ஆளை அனுப்புன ஆபீசர் மேலங்க."

"பேரு சொல்லுங்க."

அந்தப் பக்கம் காற்று இரைவது மட்டும் கேட்டது. கமருன்னிஸா டீ வாங்கப் போகாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"சுடர்விழி" என்றார் கண்ணுசாமி. "இனிசியல் க. க-ன்னா கண்ணுசாமி."

அவள் எழுதினாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேங்க."

"அப்ப மேல அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அப்பா போனை வைத்தார்.